பூசணிக்காய் உடைத்த லோடு

மத்திகிரி
செப்டம்பர் 18

அன்புள்ள பொற்கொடிக்கு,

மேகலாக்கா எழுதுகிறேன். சும்மா நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. இருந்தாலும் முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன். நன்றாக இருக்கிறாயா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ பேராவூரணியில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே உன் ஹவுஸ் ஓனர் கங்கப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு தடவை போன் போட்டு, வீட்டை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள் என்று சொன்னாயாமே. அதோடு உன் போன் ஸ்விட்ச் ஆஃப். இரண்டு வாரமாக நானும் அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். ரெக்கார்டு பண்ணி வைத்த அந்தப் பெண்தான் பேசுகிறாள். இப்போது அவளும் நானும் சிநேகிதிகளாகிவிட்டோம். வேறு வழியில்லாமல்தான் பேனாவை எடுத்தேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டை யாருக்கும் விடவில்லை. கங்கப்பன் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் போய், அவள் வருவாள், அதற்குள் ஆள் வைத்தீர்களானால் நான் பொல்லாதவள் என்று சொன்னேன். நான் பொல்லாதவள் என்பது தெருவுக்கே தெரியும் என்பதால் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். உன் ஃபிரிட்ஜில் இருந்த தோசை மாவைப் பற்றி மட்டும் கேட்காதே. அந்தப் பாத்திரத்தைக் கழுவ எனக்கு மூன்று நாள் ஆனது.

குடோன் செய்திக்கு வருகிறேன். பழைய ஜன்னலைக் கழற்றுவது, கண்ணாடி ஓரத்துப் பட்டியைச் சுரண்டுவது, ரப்பரை உருவுவது எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. கண்ணாடியைத் தரம் பிரிக்கிற இடத்தில்தான் எல்லோர் கையும் நின்றுவிடுகிறது. போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த சரக்கில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று ஜன்னல் கண்ணாடிக் குவியலில் போட்டுவிட்டேன். ரங்கம்மா பார்த்துவிட்டு, "அடியே, அது ஓவன் தட்டு! பொற்கொடி இருந்திருந்தா உன் கையை ஒடிச்சிருப்பா" என்று கத்தினாள். அடுப்புச் சூடு தாங்குகிற கண்ணாடி ஜன்னல் கண்ணாடியோடு சேர்ந்தால் கண்ணாடி ஆலை உலையில் உருகாமல் கல் மாதிரி நிற்கும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டு தட்டி, ஓரத்துப் பச்சையைப் பார்த்து, இது ஜன்னல், இது கார், இது மீன் தொட்டி என்று நீ தள்ளிக்கொண்டே போகிற வேகம் எங்கள் யாருக்கும் வரவில்லை.

ஆலை திருப்பி அனுப்பிய லோடு மூலையில்தான் கிடக்கிறது. பதினாறு டன். ஒன்பது பெண்கள் மூன்று மாதம் குனிந்த முதுகு நிமிராமல் சேர்த்தது. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அந்த அமாவாசைக் காலை என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. முதல் லோடு, திருஷ்டி கழிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று ரங்கம்மா ஒரே பிடிவாதம். பத்தே காலோடு நல்ல நேரம் முடிகிறது. ஜேசிபிக்காரன் டீ குடிக்கப் போனவன் வரவில்லை. இரண்டு பக்கெட் கண்ணாடி இன்னும் தரையில் கிடக்கும்போதே நீ பூசணிக்காயை லாரிக்குச் சுற்றினாய். லாரிக்கு முன்னால் சேறு, அதனால் கண்ணாடி கிடந்த சிமெண்டுத் தரையிலேயே போட்டு உடைத்தாய். ஊரில் என்றால் உள்ளே போட்ட காசைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடிவரும். இங்கே கண்ணாடிச் சில்லுக்குள் யார் கையை விடுவார்கள்? எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றோம். ஜேசிபிக்காரன் வந்து பூசணி, குங்குமம், காசு எல்லாவற்றையும் சேர்த்து வழித்து வாரி லாரியில் கொட்டினான். நாம் கை தட்டினோம்! காந்தக் குச்சியை வைத்துக்கொண்டு ஓர் ஆணி விடாமல் பொறுக்குகிற நமக்கு, ஒன்பது பேரில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஆலையில் சாம்பிள் பார்த்தபோது குங்குமம் அப்பிய ஐந்து ரூபாய்க் காசு இரண்டு கிடைத்து, மொத்த லோடும் திரும்பி வந்தது. நம் முதலாளி கோவிந்தப்பன் அண்ணன் அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நம் முன்னால் நின்று கத்தினார். அன்று சாயங்காலமே நீ பஸ் ஏறிவிட்டாய்.

அண்ணன் இப்போது சொல்வது இதுதான். எத்தனை காசு உள்ளே போனது என்று தெரிந்தால் தேடி எடுக்கலாம். தெரியாமல் தேடினால் தேடி முடித்துவிட்டோம் என்று எப்போது சொல்வது? ஆலைக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்களாம். உனக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். "எத்தனை போட்டாளோ, போனவளுக்குத்தான் தெரியும். ஆயித்து, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் டிப்பர் வைத்து எல்லாவற்றையும் பாறைக்குழியில் கொட்டப் போகிறாராம்.

எந்தக் குழி தெரியுமா? ரங்கம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய கல்குவாரிக் குழி. அவள் ஆடுகள் தண்ணீர் குடிக்க இறங்குகிற இடம். சுற்று வட்டாரத்துப் பழைய ஜன்னல் கண்ணாடி எல்லாம் வருஷக்கணக்காக அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அவள் காலில் ஏறிய கண்ணாடியும் அங்கே ஏறியதுதான். இரும்பு வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் இந்தக் குடோனை ஆரம்பித்தபோது, இனிமேல் அந்தக் குழிக்கு ஒரு துண்டும் போகாது என்று ரங்கம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

"போனவளுக்குத்தான் தெரியும்" என்று அண்ணன் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து பட்டி சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டிக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை. உனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை அமையவில்லை. கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியதிலிருந்து, தினமும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு சிப்காட் முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறார். அவர் செருப்புத்தான் பாவம்.

உன் கோபம் எவ்வளவு இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். போனை மட்டும் திற. இல்லையென்றால் இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது. நீ திரும்பி வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மதியம் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் உன் நினைப்பாகவே இருக்கிற,
மேகலாக்கா


மத்திகிரி
செப்டம்பர் 30

என் பொற்கொடிக்கு,

நீ பதில் போடவில்லை. போடாததும் நியாயம்தான். போன கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து, அதைத் தபால்காரர் கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எழுத வேண்டிய ஒரு வரியை விட்டுவிட்டேன். இப்போது அதையே முதலில் எழுதுகிறேன்.

அந்தக் காசைப் போட்டது நான்.

நீ பூசணிக்காயைக் குடைந்து, குங்குமத்தையும் ஒற்றை ரூபாய்க் காசு ஒன்றையும் போட்டுவிட்டுக் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போனாய். "ஒண்ணு போதுங்க்கா, சாமி எண்ணிப் பாக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். எனக்குத்தான் போதவில்லை. இவருக்கு வேலை போன மாதம் அது. முதல் லோடு நல்லபடியாகப் போனால்தான் குடோன் நிற்கும், குடோன் நின்றால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்று ஒரே பயம். பர்ஸில் இருந்த ஐந்து ரூபாய்க் காசு பதினொன்றையும் உள்ளே தள்ளி, மூடியை வைத்து அமுக்கிவிட்டேன்.

அண்ணன் கையில் இருந்ததைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது. நீ போட்டது ஒரு ரூபாய், அவர் கையில் இருந்தவை ஐந்து ரூபாய்க் காசுகள். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். நீ "நான்தாண்ணே போட்டேன்" என்றாய். என் வீட்டில் ஒரு சம்பளம்தான் வருகிறது என்பதை நினைத்துத்தான் நீ அதைச் சொன்னாய். அதை நினைத்துத்தான் நானும் உன்னைச் சொல்ல விட்டேன். அவர் உன்னை இடத்தைக் காலி பண்ணச் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, பொற்கொடி.

இனி நடந்ததைக் கேள். சனிக்கிழமை காலை டிப்பர் வந்துவிட்டது. நம் லோடை ஆலைக்குக் கொண்டுபோன அதே முனிவேல்தான் டிரைவர். ரங்கம்மா போய் டிப்பருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "என் வூட்டாண்ட கொட்டறதுன்னா என் மேல ஏத்திகினு போ" என்றாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையா? எத்தனைன்னே தெரியாம நான் எங்கன்னு போயி தேடறது?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கத்துகிற மனிதர்தான், ஆனால் அவருக்கும் அது முதல் லோடு அல்லவா.

நான் கையுறையைக் கழற்றினேன். "பன்னெண்டு" என்றேன். யாருக்கும் புரியவில்லை. "ஒத்த ரூபா ஒண்ணு, அது பொற்கொடியோடது. அஞ்சு ரூபா பதினொண்ணு, அது நான் போட்டது. அவ கடைக்குப் போனப்ப போட்டேன். அவளுக்குத் தெரியாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இடி விழும் என்று நினைத்தேன். ஒன்றும் விழவில்லை. முனிவேல் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பப் போய் என்ஜினை அணைத்தான்.

"அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று மட்டும் அண்ணன் கேட்டார். பிறகு அவரே, "ரெண்டு இங்க இருக்குது. மிச்சம் பத்தையும் எடு. எடுக்கற வரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆலையில் கேட்டு அக்டோபர் பத்துவரை தவணை வாங்கியிருக்கிறார். அதற்குள் சுத்தமான லோடாகப் போக வேண்டும்.

சின்னக் காசுதானே, கண்ணாடியோடு உருகிப் போகாதா என்று நான் முன்பு நினைத்ததுண்டு. ஆலையில் தரம் பார்க்கிற அதிகாரி திருமலை என்று ஒருவர், அவர் போன் ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் விளக்கினார். ஐந்து ரூபாய்க் காசில் நிக்கல் கலந்திருக்குமாம். காந்தத்தில் ஒட்டாது. அது உருகி, கண்ணுக்குத் தெரியாத பொட்டாகக் கண்ணாடிக்குள் உட்கார்ந்துவிடுமாம். அந்தக் கண்ணாடியைச் சூடேற்றிக் கெட்டியாக்கி ஏதாவது பெரிய கட்டடத்தில் மாட்டினால், வருஷங்கள் கழித்து ஒரு நாள் யாரும் தொடாமலே வெடித்துக் கொட்டுமாம்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து தேடுகிறோம். தார்ப்பாயில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, முள்வாரியால் மெல்ல இழுத்துப் பார்க்கிறோம். குங்குமக் கறை பட்ட சில்லு தெரிந்தால் அந்த இடத்தில் மண்டி போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டுகிறோம். மழை வந்தால் கறை கரைந்துவிடும் என்பதால் வானத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதுவரை மூன்று கிடைத்திருக்கிறது. மற்றப் பெண்கள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் கூடக் குனிகிறார்கள், அதுவே பெரிது.

மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்கு இன்னொரு வேலை வைத்த மாதிரி ஆகும். அதனால் அதை எழுதவில்லை. நான் உனக்குச் செய்தது துரோகம் என்று மட்டும் எழுதுகிறேன்.

நீ எங்கே இருந்தாலும் சாமி உனக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது.

அக்கா என்று எழுத இன்று கை வராத,
மேகலா


மத்திகிரி
அக்டோபர் 14

அன்புள்ள பொற்கொடிக்கு,

உன் கார்டு வந்தது. "ரங்கம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?" என்று ஒரே வரி. என்னைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. பரவாயில்லை, உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும். குடோனில் அது கை மாறிக் கை மாறி, பாதி எழுத்து பட்டிக் கறையில் மறைந்துவிட்டது. ரங்கம்மா உனக்கு எழுதச் சொன்னது: "காலு நல்லா இருக்குது. சண்டை போடத்தான் ஆளில்லை."

முதலில் நல்ல செய்தி. லோடு போய்விட்டது. ஆலையில் இறக்கிக்கொண்டார்கள். ஒரு துண்டும் குழிக்குப் போகவில்லை.

அது அவ்வளவு லேசாக முடிந்துவிடவில்லை. பத்தில் ஒன்பது ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது. உன் ஒற்றை ரூபாய் தானாகவே காந்தக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது, யாருக்கும் தொந்தரவு தராமல். என்னுடையதுதான் ஒன்று உயிரை வாங்கியது. பதினாறு டன்னையும் இரண்டு தடவை பரப்பிப் பார்த்தாகிவிட்டது. முட்டி வீங்கிவிட்டது. தவணைக்கு இரண்டே நாள். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். போட்டது பதினொன்றுதானா, பத்தாக இருக்கக் கூடாதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது ஒருத்தி, அவள் பெயர் வேண்டாம், என் காதோரம் வந்து, "உன் பர்ஸ்லேர்ந்தே ஒண்ணை எடுத்துக் காட்டிடு, யாருக்கு என்னா தெரியப் போவுது" என்றாள். உன்னிடம் மறைக்க மாட்டேன். என் கை பர்ஸ் ஜிப்புவரைக்கும் போனது. அந்த நேரம் பார்த்து, திருமலை சொன்ன அந்தப் பெரிய கட்டடம் நினைவுக்கு வந்தது. அதற்குக் கீழே யாராவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்களே. கையை எடுத்துவிட்டேன். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு பட்டது போதாதா? "இன்னும் ஒண்ணு இருக்குது, மூணாவது தடவை பரப்பலாம்" என்றேன். அவர்கள் முனகிய முனகலை நீ கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை பரப்ப வேண்டி வரவில்லை. அன்று மத்தியானம் முனிவேல் லோடு எப்போது ஏற்றுவீர்கள் என்று கேட்க வந்தான். தாகமாக இருக்கிறது என்று அவன் லாரியில் தண்ணீர் பாட்டில் எடுக்க ஏறினேன். முன்னால் முனியப்பன் படம் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே, குங்குமம் காய்ந்து போன ஐந்து ரூபாய்க் காசு! திரும்பி வந்த லோடைக் குடோனில் கொட்டும்போது பின் கதவு இடுக்கில் சிக்கியிருந்ததாம். திருஷ்டி கழித்த காசு, வண்டிக்குக் காவல் என்று எடுத்து வைத்துக்கொண்டானாம். நாங்கள் கண் பூத்துப் போய்த் தேடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் இவன் அதற்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "நீங்க கண்ணாடிக்குள்ள இருக்கற காசைத்தானே தேடுனீங்க" என்று எங்களையே திருப்பிக் கேட்டான். அதற்கு ரங்கம்மா தெலுங்கில் சொன்ன பதிலைத் தமிழில் எழுத முடியாது, தெலுங்கிலும் எழுதக் கூடாது. கோவிந்தப்பன் அண்ணன் சிரித்ததை அந்த அமாவாசைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாம் தேதி லோடு போனது. திருமலையே நின்று மூன்று இடத்தில் தோண்டி சாம்பிள் எடுத்தாராம். குறையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கே உலைக்கு அனுப்பிவிட்டார்களாம். அண்ணன் அதைச் சொன்னபோது ஒன்பது பேரும், தப்பு, எட்டுப் பேரும் அழுதோம். நம் கை பட்ட பழைய ஜன்னல் இந்நேரம் புதுக் கண்ணாடியாகி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். நீ கூட இருந்து கேட்டிருக்க வேண்டிய செய்தி அது.

வேலையும் வருகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் பழைய அபார்ட்மெண்ட் ஒன்றில் இருநூற்று நாற்பது வீட்டு ஜன்னலையும் மாற்றுகிறார்கள். எல்லாம் நமக்குத்தான். தீபாவளி கழிந்ததும் முதல் வண்டி அத்திப்பள்ளி தாண்டி வரும். ஆயுத பூஜைக்கு அண்ணன் புதுச் சட்டம் போட்டார். பூசணிக்காய் கேட்டுக்கு வெளியே, உள்ளே குங்குமம் மட்டும், உடைத்த கையோடு பெருக்கிவிட வேண்டும். பூசாரி அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். அண்ணன் மசியவில்லை.

அவர் உன்னிடம் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவளுக்கு எழுது. எல்லார் முன்னாலயும் கோவிந்தப்பன் பேசுனது தப்புன்னு எழுது. ரொம்ப இழுக்காதே, ரெண்டு வரியில எழுது." இரண்டு வரியில் எழுதிவிட்டேன். தரம் பிரிக்கிற இடத்தில் உன் ஸ்டூலில் யாரையும் அவர் உட்கார விடுவதில்லை. அதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். "எனக்கு வேலை போனதுக்கா அவ தலையில போட்டே?" என்று இவர் கேட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் தானாகவே பேசினார். பேளகொண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம்.

இனி நான் எழுத வந்த விஷயம். போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. உன் அண்ணன் மகள் மோகனப்ரியா. கவரின் பின்னால் இருந்த நம்பரைப் பார்த்துப் போட்டாளாம். அவளைத் திட்டாதே, நல்ல பெண். "எங்கம்மா தெனமும் அத்தையைக் குத்திக் காட்டுறாங்க. வேலை பாத்த எடத்துல தொரத்தி விட்டவதானேன்னு சொல்றாங்க. அத்தை ஒண்ணுமே பேச மாட்டேங்குது. அங்க நெசமாவே என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

நானே நேரில் வந்து சொல்கிறேன் என்றேன், பொற்கொடி. என் இரண்டாவது கடிதம் உன்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தை உன் அண்ணியிடம் நீட்டினால் ஒரு நிமிஷத்தில் அந்தப் பேச்சு நின்றுவிடும். நீ நீட்டவில்லை. இங்கே குடோனில் எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. அங்கே, உன் சொந்த அண்ணன் வீட்டில், நீ இன்னும் என்னை மறைத்துக்கொண்டு நிற்கிறாய். நான் உனக்கு என்ன செய்துவிட்டேன் என்று இப்படிச் செய்கிறாய்?

இனி நீ மறைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். இவர்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை காலை பேராவூரணியில் இருப்பேன். உன் அண்ணனும் அண்ணியும் வீட்டில் இருக்கிற நேரத்தை மோகனப்ரியாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். உள்ளே வந்து உட்கார மாட்டேன், தண்ணீர்கூட வேண்டாம். தப்புச் செய்தது நான், என் குடும்பத்துக்காகப் பழியை ஏற்றுக்கொண்டது உங்கள் தங்கச்சி, அவளைப் போகச் சொன்ன முதலாளியே அதைத் தப்பென்று ஒத்துக்கொண்டார், அவள் வந்தால் போதும் என்று அங்கே எட்டுப் பேர் காத்திருக்கிறோம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர நான் வரவில்லை. நீ திரும்பி வருவது உன் இஷ்டம். அங்கேயே இருப்பதானாலும் தலை நிமிர்ந்து இரு. என்னோடு பேச வேண்டியதில்லை, பார்க்கக்கூட வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலையில் கதவை மட்டும் சாத்திவிடாதே, பொற்கொடி. அன்று வாயைத் திறக்காதவள் வருகிறேன்.

உன் வாழ்வில் எல்லாம் நிறையட்டும் என்று வேண்டிக்கொண்டு,
மேகலாக்கா